நாலாம் நாள் ‘இல்லை’, ஒன்பதாம் நாள் ‘உண்டு’

ஐப்பசி அடைமழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்ந்ததும் ஊருக்குள் காய்ச்சல் வந்துவிடும். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. படுத்திருப்பவரை விசாரிக்கப் போனால் வீட்டில் இப்படி ஒரு புகார் சொல்வார்கள்: “நாலாம் நாளே ரத்தம் குடுத்துப் பார்த்தோம், ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. காய்ச்சல் விடலையேன்னு சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போனா, அங்க பாத்துட்டு எலிக்காய்ச்சல்ங்கிறாங்க. அப்ப மொத டெஸ்ட்டு பொய்தானே?”

பொய் இல்லை. இரண்டு சோதனைகளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. ஒரே மனிதர், ஒரே நோய், ஒரே சோதனை. நாலாம் நாள் ‘இல்லை’ என்றும் ஒன்பதாம் நாள் ‘உண்டு’ என்றும் வருவது இந்த நோயில் எதிர்பார்க்க வேண்டியதே. இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. நாலாம் நாள் ‘இல்லை’ என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டே, எலிக்காய்ச்சலுக்கான மாத்திரையை எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது சரியான காரியம். அது ஏன் என்று பார்ப்பதற்கு வயலில் இருந்து தொடங்க வேண்டும்.

வரப்புக்குள் இருப்பது

கீழணையில் தேங்கும் கொள்ளிடத்து நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. ஏரியின் மதகுகள் திறந்தால் வயல்கள் நிறைகின்றன. தண்ணீர் கட்டி, உழுது, பரம்படித்து, நாற்று நடும் நிலம் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அந்த நிலத்தில் காய்ந்த இடம் வரப்பு மட்டும்தான். மனிதர்கள் நடப்பதும் அதன்மேல், எலிகள் வளை தோண்டுவதும் அதற்குள்.

வயல் எலியின் சிறுநீரகத்தில் உள்ள நுண்ணிய குழாய்களில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா குடியிருக்கும். எலிக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை, அது பாட்டுக்குத் தின்று, குட்டி போட்டு வாழும். ஆனால் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் ஒரு மில்லிக்கு லட்சக்கணக்கில் அந்தப் பாக்டீரியா வெளியே வரும். வெயிலில் காய்ந்த மண்ணில் விழுந்தால் சீக்கிரம் செத்துப்போகும். வெதுவெதுப்பான, உப்புக் கரிக்காத, புளிப்பேறாத நீரிலோ ஈர மண்ணிலோ விழுந்தால் வாரக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மழைக்காலத்து நெல்வயலை இதைவிடச் சுருக்கமாக வர்ணிக்க முடியாது.

பழி முழுவதையும் எலியின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. மாடு, ஆடு, பன்றி, நாய் எல்லாவற்றின் சிறுநீரகத்திலும் இது தங்கும். தொழுவத்தில் சாணி அள்ளுபவருக்கும் வயலில் களையெடுப்பவருக்கும் ஏறத்தாழ ஒரே ஆபத்துதான்.

சேற்றுப்புண்

நல்ல தோல் வழியாக லெப்டோஸ்பைரா நுழைவது கடினம். கீறல், வெடிப்பு, நீரில் ஊறி வெளுத்துப்போன தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் உள்படலம் — இவைதான் அதற்கு வழி. நடவுக்குப் போகும் பெண்கள் யாரையாவது கால்விரல்களை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். விரலிடுக்குகளில் தோல் வெந்ததுபோல வெளுத்து உரிந்திருக்கும். சேற்றுப்புண் என்பார்கள். அரிக்கும், எரியும், இரவில் தூக்கம் கெடுக்கும். இதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டு மறுநாள் மறுபடி சேற்றில் இறங்குவார்கள். காலையில் இறங்கினால் வெயில் ஏறும் வரை அந்தப் புண், எலியின் சிறுநீர் கலந்த நீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.

உள்ளே நுழைந்த பாக்டீரியா சுருள் கம்பியைப் போல உடலைத் திருகித் திருகி நீந்தும். பருமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தலைமுடியின் பருமனில் பல நூறில் ஒரு பங்கு. மலேரியாக் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் சாதாரண நுண்ணோக்கியில் இது தெரியாது. பின்னணியை இருட்டாக்கி, பொருளின்மேல் மட்டும் பக்கவாட்டில் ஒளி விழச் செய்யும் தனி வகை நுண்ணோக்கி வேண்டும். ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் வைல் இந்த நோயை 1886இல் தெளிவாக விவரித்தார். கிருமியே காரணம் என்று நிறுவ 1915 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்த இனாடாவும் இடோவும் ஜப்பானியர்கள். அவர்களுக்கு நோயாளிகளாக வாய்த்தவர்கள் கியூஷு தீவின் ஈரச் சுரங்கங்களில் வேலை செய்த நிலக்கரித் தொழிலாளர்கள்.

ஊமை நாட்கள்

கிருமி நுழைந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சலின் முதல் வாரத்தில் பாக்டீரியா ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் பிசிஆர் சோதனை வேண்டும். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே தத்துவம்தான். கிருமியின் மரபணுத் துணுக்கைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிப்பது. இன்னொரு வழி, ரத்தத்தை ஊட்டக் கரைசலில் விட்டுக் கிருமியை வளர்ப்பது. ஆனால் லெப்டோஸ்பைரா மிக மெதுவாக வளரும். ‘வளரவில்லை’ என்று கைவிடுவதற்கு முன் மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்க்கிறார்கள். அதற்குள் நோயாளி குணமாகி அடுத்த பட்டத்துக்கு நாற்றே விட்டிருப்பார்.

சிறு ஊர்களில் எடுப்பது பெரும்பாலும் எலிசா சோதனை. இது கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க நம் உடல் தயாரிக்கும் புரதங்களைத் தேடுகிறது. அவற்றை எதிர்ப்பொருள் என்கிறோம். எலியையே பார்க்காமல் வரப்பில் உள்ள வளையைப் பார்த்து ‘எலி இருக்கிறது’ என்று விவசாயி சொல்வதைப் போன்ற வேலை இது. வளை தோண்ட எலிக்கு நாள் பிடிக்கும் அல்லவா? எதிர்ப்பொருள் அளக்கும் அளவுக்குச் சேரவும் காய்ச்சல் தொடங்கியதில் இருந்து ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும். அதற்கு முன் எடுத்த எலிசா வாய் திறக்காது. இந்த இடைவெளியை ஊமை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நாலாம் நாள் ‘இல்லை’ என்று வந்தால், ‘எதிர்ப்பொருள் இன்னும் இல்லை’ என்பதுதான் அதன் பொருள். ‘நோய் இல்லை’ என்று படித்துக்கொள்வது நாம். நம்மைச் சொல்லியும் குற்றமில்லை, தாளில் ‘நெகட்டிவ்’ என்று மட்டும்தான் அச்சாகியிருக்கிறது.

‘உண்டு’ என்று வருவதும் வேதவாக்கு அல்ல. எதிர்ப்பொருள் குணமான பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கலாம். ஆண்டுதோறும் சேற்றில் நிற்பவரிடம் காண்பது போன பருவத்தின் மிச்சமாகவும் இருக்கக்கூடும். ஐயமறத் தெரிய வேண்டுமென்றால், உயிருள்ள லெப்டோஸ்பைராக்களோடு நோயாளியின் ரத்தநீரைக் கலந்து, அவை ஒட்டிக்கொண்டு திரள்கின்றனவா என்று பார்க்கும் திரட்சிச் சோதனை இருக்கிறது. ஒரு முறை எடுத்து, ஓரிரு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்து, எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பல வகை லெப்டோஸ்பைராக்களை உயிரோடு வளர்த்து வைத்திருக்கும் ஆய்வகத்தில்தான் இது நடக்கும். சென்னை மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அப்படி ஓர் ஆய்வகத்தை நடத்துகிறது. மனிதருக்கு வரும் காய்ச்சலின் முடிவு கால்நடை மருத்துவர்களிடம் இருந்து வருவது பலருக்கு வியப்பாக இருக்கும். நோய் அங்கிருந்துதானே வருகிறது!

ஆக, உறுதியான சான்று கைக்கு வரும்போது சிகிச்சைக்கான நல்ல நாட்கள் கடந்துவிடும். சான்று இல்லாமல் முடிவெடுக்க ஒரு முறை தேவைப்பட்டது.

ஓர் அக்காவின் மதிப்பெண்

சாலி ஃபெயின் என்ற ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர், உலக சுகாதார நிறுவனத்துக்காக 1982இல் எழுதிய வழிகாட்டியில் ஒரு மதிப்பெண் முறையைத் தந்தார். அறிகுறிக்கு இவ்வளவு, சூழலுக்கு இவ்வளவு, சோதனைக்கு இவ்வளவு. ஆனால் அது திரட்சிச் சோதனையைப் பெரிதும் நம்பியிருந்தது. சென்னை மருத்துவர்கள் சிவகுமாரும் ஷரீக்கும் 2004இல் அதை நம் ஊருக்கு ஏற்பத் திருத்தினார்கள். எலிசா போன்ற எளிய சோதனைகளைச் சேர்த்தார்கள். இன்னொன்றையும் சேர்த்தார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது: மழை. மழை பெய்திருக்கிறதா என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடவுக்குப் போகும் ஓர் அக்காவைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பது. வீட்டில் இரண்டு ஆடுகள். மழை விட்ட ஒரு வாரத்தில் திடீரென்று குளிர்க்காய்ச்சல். இரண்டு நாள் மெடிக்கலில் வாங்கிய பாரசிட்டமால். நாலாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்.

“என்னம்மா செய்யுது?”

“தலை வெடிக்குதுங்க டாக்டர். காலு ரெண்டும் கடுக்குது, எந்திரிச்சு நடக்க முடியல.”

மருத்துவர் கெண்டைக்காலை மெல்ல அழுத்துகிறார், அக்கா முகத்தைச் சுளிக்கிறார். இரண்டு கண்களின் வெண்மையும் சிவந்திருக்கிறது, ஆனால் பீளை இல்லை. காய்ச்சல் 102.6 டிகிரி. கணக்குப் போடுவோம். தலைவலிக்கு 2. காய்ச்சலுக்கு 2. அது 39 டிகிரி செல்சியஸை, அதாவது நம் 102.2ஐத் தொட்டதால் இன்னும் 2. கண் சிவப்புக்கு 4. தசைவலிக்கு, அதிலும் கெண்டைக்கால் வலிக்கு, 4. அறிகுறிகள் மட்டும் 14.

“என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று மருத்துவர் கேட்கிறார். வயல் வேலை என்கிறார் அக்கா. அசுத்த நீரில், சேற்றில் நிற்பதற்கு 4. மழைக்கு 5. ஆடு வளர்ப்பதற்கு 1. மொத்தம் 24.

எலிசாவுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். ஊமை நாட்கள். ‘இல்லை’. ‘உண்டு’ என்றிருந்தால் 15 கிடைத்திருக்கும், இப்போது பூஜ்யம். எனவே 24தான். இந்த முறைப்படி 20 முதல் 25 வரை இருந்தால் ‘இருக்கலாம்’. சோதனையைச் சேர்க்காமலே 26 எட்டினால் ‘எலிக்காய்ச்சல் என்றே கொள்ளலாம்’. அக்காவுக்கு இரண்டு மதிப்பெண் குறைகிறது.

இப்போது மருத்துவர் ஒரு குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்துவரச் சொல்கிறார். எந்த நிலையத்திலும் செய்யக்கூடிய, சில ரூபாய்கூட ஆகாத சோதனை. சிறுநீரில் புரதம் இருக்கிறது. சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கியதன் அடையாளம். அதற்கு 2. மொத்தம் 26. கோட்டைத் தாண்டியாயிற்று. எலிசாவால் சொல்ல முடியாததைச் சிறுநீர்க் குப்பி சொல்லிவிட்டது.

ஒன்பதாம் நாள் மறுபடி எலிசா எடுத்தால் ‘உண்டு’ என்று வரும், மதிப்பெண் 41 ஆகும். ஆனால் சிகிச்சை நாலாம் நாளே தொடங்கியிருக்கும்.

இதே கணக்கை இன்னொரு விதமாகப் போட்டுப் பாருங்கள். கூட்டமான காலை நேரம். என்ன வேலை என்று மருத்துவர் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. வயலுக்கான 4 போயிற்று, ஆட்டுக்கான 1 போயிற்று. சிறுநீர் பார்க்கவில்லை. 24, 19 ஆகிறது. ‘இருக்கலாம்’ என்ற பட்டியலில் இருந்தே அக்கா விழுந்துவிடுகிறார். உடலில் ஓடுவது அதே பாக்டீரியாதான்.

காமாலைக்கு ஏன் ஒன்றே ஒன்று

எலிக்காய்ச்சல் என்றால் கண் மஞ்சளாகும் என்பதுதான் பொதுவான எண்ணம். அந்த மதிப்பெண் பட்டியலில் மஞ்சள் காமாலைக்கு 1 மட்டுமே இருப்பதைப் பார்த்து முதலில் அச்சுப் பிழை என்றே தோன்றும். யோசித்தால் நியாயம் புரியும். பெரும்பாலான எலிக்காய்ச்சல்கள் கண் மஞ்சளாகாமலே வந்து போகின்றன. கண் மஞ்சளாக வேறு காரணங்களும் ஏராளம். காமாலைக்காகக் காத்திருப்பது தாமதத்துக்கு வழி.

காமாலை வந்தே விட்டால் நம் ஊரில் வேறொரு தாமதம் தொடங்குகிறது. கீழாநெல்லி, பத்தியம், மோர்ச்சோறு, பக்கத்து ஊரில் மருந்து கொடுக்கிறவர் என்று ஒரு வாரம் ஓடும். கீழாநெல்லியைப் பற்றிய விவாதத்துக்கு இங்கே போகவில்லை. காய்ச்சலோடு காமாலையும் சேர்ந்து, சிறுநீர் குறைந்தால் அது கல்லீரலின் கதை மட்டுமல்ல, சிறுநீரகமும் நிற்கத் தொடங்குகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். சிலருக்கு நுரையீரலில் ரத்தக்கசிவும் வரும், இருமலில் ரத்தம் காணும். உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இந்நோய் வருகிறது, ஏறத்தாழ 59,000 பேர் சாகிறார்கள் என்று 2015இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று சொல்கிறது.

மதுரைக்கு வந்த கண்கள்

காய்ச்சல் போன பிறகும் இந்தக் கிருமியின் கணக்கு முடியாது என்பதைத் தமிழ்நாட்டில் ஒரு வெள்ளம் காட்டிக்கொடுத்தது. 1993 மழைக்காலத்தில் மதுரை வட்டாரத்தில் பெருவெள்ளம். அதைத் தொடர்ந்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கியவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிக எண்ணிக்கையில் வரத் தொடங்கினார்கள். கண்ணின் உட்படலம் அழன்று வீங்கும் நோய் அது. தொற்றுநோயைப் போல ஊர் ஊராக வரும் நோயல்ல. மருத்துவர் ரத்தினமும் அவருடைய குழுவினரும் 73 பேரை ஆராய்ந்து, இதன் பின்னால் இருப்பது லெப்டோஸ்பைரா என்று 1997இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆய்வில் இத்தகைய நோயாளிகளின் கண்நீர்மத்திலேயே லெப்டோஸ்பைராவின் மரபணு பிசிஆர் மூலம் அகப்பட்டது.

கண் நோய் காய்ச்சலுக்குப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்து வரும். வெள்ளத்தில் நின்றதையும் கண் மங்குவதையும் நோயாளியே முடிச்சுப் போடமாட்டார். கண் மருத்துவர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால்தான் உண்டு.

மாத்திரை

நோய் கடுமையாகாத நிலையில் டாக்சிசைக்ளின் மாத்திரை, 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதற்குப் பதில் அமாக்சிசிலின். முற்றிவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. சிறுநீரகம் நின்றுபோனால் சில நாள் டயாலிசிஸ். பெரும்பாலும் சிறுநீரகம் மீண்டுவிடும் என்பது ஆறுதலான செய்தி.

டாக்சிசைக்ளினைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இதே மழைக்காலத்தில், இதே புல்வெளிகளில் உண்ணிக்காய்ச்சலும் வருகிறது. அது வேறொரு பாக்டீரியா, ஒட்டுண்ணிக் குஞ்சு கடித்துப் பரவுவது. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம், இல்லையென்றால் முதல் நாட்களில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். டாக்சிசைக்ளின் இரண்டையும் கேட்கும்.

முதல் வேளை மருந்து உள்ளே போன சில மணி நேரத்தில் சிலருக்குக் குளிர் நடுக்கி, காய்ச்சல் இன்னும் ஏறும். செத்து உடையும் பாக்டீரியாக்களின் சிதைவுகளுக்கு உடல் காட்டும் எதிர்வினை இது. ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடம்புவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகள் வேறு விஷயம். ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அவை இன்னோர் அடி.

வருமுன் ஒரு மாத்திரை?

பனாமா காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர்கள் 940 பேரிடம் ஒரு பரிசோதனை நடந்து 1984இல் வெளியானது. பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், மீதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரை. மருந்தில்லாதவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது. மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும்.

வடக்கு அந்தமானில் 1980களின் இறுதியில் இருந்து மழைக்குப் பின் ரத்தக்கசிவோடு ஒரு மர்மக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. 1993இல்தான் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அங்கே 782 பேரிடம் இதே வாராந்திர மாத்திரை சோதிக்கப்பட்டு 2000இல் முடிவு வந்தது. கிருமி தொற்றுவது குறையவில்லை. நோயாகப் படுத்தவர்கள் மட்டும் 6.82 சதவீதத்தில் இருந்து 3.11 ஆகக் குறைந்தார்கள். படைவீரர்கள் சில வாரம் காட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அந்தமான் மக்கள் அங்கேயே வாழ்கிறவர்கள். இந்த வேறுபாடே முடிவு மாறியதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் இந்த மாத்திரையைப் பெருமளவில் வழங்கியது. வெள்ளம் வந்து வடியும் குறுகிய காலத்துக்கும், மீட்புப் பணியில் இறங்குபவர்களுக்கும் அது பொருத்தம். வீராணத்துப் பாசன வயலில் நிற்கும் அக்காவின் கணக்கு வேறு. நாற்றுப் பறிப்பு, நடவு, முதல் களை, இரண்டாம் களை என்று அவர் மாதக்கணக்கில் சேற்றில் இருக்கிறார். அத்தனை மாதமும் வாரம் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி என்பது யாரும் தரும் யோசனை அல்ல. ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லும் அறிவுரையைப் பல துண்டுப்பிரசுரங்களில் பார்த்திருக்கிறேன். எழுதியவர் முழங்கால் அளவு சேற்றில் பூட்ஸோடு ஒருமுறை நட்டுப் பார்த்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பார்.

மனிதருக்கான தடுப்பூசி உலகில் சில நாடுகளில்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஆக மிஞ்சுவது எளிய வேலைகள்தான். வரப்பைச் சிறிதாக, சுத்தமாக வைத்து எலி வளைகளை நடவுக்கு முன்பே வெட்டி அழிப்பது. கரையேறியதும் வாய்க்கால் நீரில் அல்லாமல் குழாய் நீரில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுவது. விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பது. சேற்றுப்புண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் களிம்பு கேட்டு வாங்கி, ஆறும்வரை தடவுவது. புண் பெரிதாக இருக்கும் நாட்களில் நடவைத் தவிர்த்து, கட்டுத் தூக்குவது போலக் கரைமேல் செய்யும் வேலைக்கு மாற்றிக்கொள்ளும்படி நடவுக் குழுவின் கொத்துக்காரரிடம் கேட்பது. அப்படி மாற்றிக் கொடுத்தால் அன்றைய கூலியில் வெட்டு விழக்கூடும். அதனால்தான் பலர் கேட்பதில்லை.